கேளுங்க, சொல்றேன்: வாளுக்கு முன்னால் ஒரு கோதா

போன இதழில் ஒரு வரி தப்பாக எழுதிவிட்டேன். "சீக்கியர்கள் ஆயுதம் எடுத்தது பத்தாவது குருவான கோவிந்த் சிங் காலத்தில்தான்" என்று போகிற போக்கில் எழுதி வைக்க, இதழ் கடைக்கு வந்த மூன்றாம் நாளே சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கடிதமும் வாட்ஸ்அப்புமாக வந்து விழுந்துவிட்டன. சிலர் அன்பாகத் திருத்தியிருக்கிறார்கள், சிலர் உரித்தே எடுத்துவிட்டார்கள். சரி, தப்பு என்னுடையது. இந்த முறை மேட்டூர் அணைக் கேள்விகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு பக்கம் முழுக்க இதற்கே.

கேள்வி: தொப்பூர் போகிற வழியில் நாங்கள் வழக்கமாக வண்டி நிறுத்தும் பஞ்சாபி தாபாவில், நீங்கள் எழுதியதை சப்ளையர் பையன் முதலாளிக்குப் படித்துக் காட்டினான். அவர் சிரித்துவிட்டு சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். இடுப்பில் ரெண்டு வாள் கட்டிய பெரியவர். "இவரு ஆறாவது குரு. உங்க ஆளு நாலு பேரை முழுங்கிட்டாரே" என்றார். யாருங்க அவர்?
(லாரி ஓட்டுநர், சங்ககிரி)

அவர் குரு ஹர்கோவிந்த். தாபாக்காரர் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார், நான் முழுங்கியது நாலு பேரை அல்ல, எட்டுப் பேரை. ஏனென்றால் கதை இரண்டாவது குருவிலிருந்தே தொடங்குகிறது. குரு அங்கத் (1504–1552) கடூர் என்ற ஊரில் இருந்தபோது அங்கே ஒரு கோதா அமைத்தார். மல்யுத்தக் கோதாதான், பஞ்சாபியில் 'மல் அகாடா' என்பார்கள். காலையில் பாட்டு, பிரார்த்தனை, அப்புறம் இளைஞர்கள் மண்ணில் இறங்கிக் கட்டிப் புரள வேண்டும். சாமி கும்பிட வந்தவனை உடம்பையும் கவனி என்று அனுப்பிய இடம் அது. ஆயுதம் எதுவும் இல்லை, ஆனால் பிற்பாடு வந்ததற்கெல்லாம் விதை அங்கே விழுந்துவிட்டது என்பது என் கணக்கு.

ஆயுதம் வந்தது 1606இல். ஐந்தாவது குருவான அர்ஜனை ஜஹாங்கீர் ஆட்சியில் லாகூரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். மகன் ஹர்கோவிந்துக்கு அப்போது பதினொரு வயது. குரு பட்டம் கட்டும்போது பாபா புட்டா என்ற முதியவர், முதல் குருவான நானக்கையே நேரில் பார்த்தவர், நூறு வயதை ஒட்டியவர், பையனின் இடுப்பில் வாளைத் தவறான பக்கம் கட்டிவிட்டாராம். பதறிப்போய் அவிழ்க்கப் போனபோது, "அது இருக்கட்டும், மறுபக்கம் இன்னொன்று கட்டுங்கள்" என்றானாம் பையன். இது மரபில் சொல்லப்படும் கதை. ஆனால் அந்த இரண்டு வாளுக்குப் பெயர் உண்டு: மீரி, பீரி. ஒன்று உலக அதிகாரம், இன்னொன்று ஆன்மிக அதிகாரம். அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு எதிரே அகால் தக்த் என்ற மேடையைக் கட்டி அதில் உட்கார்ந்து வழக்குக் கேட்டார், மல்யுத்தம் பார்த்தார், அப்துல்லா, நத்தா மல் என்ற பாடகர்களை வைத்து வீரக் கதைகள் பாட வைத்தார். பக்தர்களுக்கு ஓலை அனுப்பினார்: இனி காணிக்கையாகக் குதிரையும் ஆயுதமும் கொண்டு வாருங்கள். நம்ம ஊர்க் கோயில் உண்டியலில் காசுக்குப் பதில் அரிவாள் போடச் சொன்னால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையில் குவாலியர் வருமே, அங்கே மலைமேல் நீளமாகத் தெரிகிற கோட்டையில்தான் ஜஹாங்கீர் இவரை அடைத்து வைத்திருந்தார். விடுதலை வந்தபோது, உள்ளே இருக்கிற 52 ராஜாக்களை விட்டுவிட்டுத் தனியாக வரமாட்டேன் என்றாராம். "உன் அங்கியைப் பிடித்துக்கொண்டு வர முடிந்தவர் வரட்டும்" என்றார்களாம். உடனே 52 குஞ்சம் வைத்து ஓர் அங்கி தைக்கச் சொல்லி, ஆளுக்கு ஒரு குஞ்சத்தைப் பிடிக்க வைத்து எல்லோரையும் வெளியே கூட்டி வந்தார் என்பது கதை. தீபாவளியை ஒட்டி அவர்கள் இதை இன்றும் கொண்டாடுகிறார்கள்.

பிறகு ஷாஜகான் காலத்தில் நேரடிச் சண்டையே வந்துவிட்டது. 1634இல் அமிர்தசரஸில், 1635இல் கர்த்தார்பூரில். கர்த்தார்பூரில் எதிரணியை நடத்தி வந்தவர்களில் ஒருவன் பைந்தா கான், குருவே சோறு போட்டு வளர்த்த பட்டாணியன். அந்தச் சண்டையில் நன்றாக வாள் வீசிய குருவின் கடைசி மகன், தியாக் மல் என்ற பதினான்கு வயதுப் பையன், அன்றிலிருந்து 'வாள் வீரன்' என்று பொருள்படும் தேக் பகதூர் ஆனான். அவர்தான் பின்னால் ஒன்பதாவது குரு. 1675இல் டெல்லியில் ஔரங்கசீப் ஆணையால் தலை வெட்டப்பட்டவரும் அவர்தான். நடுவில் ஏழாவது குரு ஹர் ராய் 2,200 குதிரை வீரர்களை வைத்துப் பராமரித்தார், ஆனால் சண்டைக்குப் போகவில்லை. எட்டாவது குரு ஹர் கிருஷன் எட்டு வயது முடிவதற்குள் பெரியம்மையில் இறந்துபோன குழந்தை. அவர் படத்தையும் அந்த தாபாவில் தேடிப் பாருங்கள், இருக்கும்.

கேள்வி: நான் சிலம்பம் கற்கிறேன். 2024 ஜனவரியில் நம்ம மாநிலத்தில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் கட்கா என்ற விளையாட்டைப் பார்த்தேன். எங்கள் வாத்தியார் "அது நம்ம கம்புச் சண்டைதான், பேருதான் வேற" என்கிறார். சரிதானா அய்யா? பெண்கள் சண்டை போட்டார்களா?
(மாணவி, கன்னங்குறிச்சி)

வாத்தியாரை எதிர்த்துப் பேசியவன் என்ற பேர் எனக்கு வேண்டாம் கண்ணு. ஆனால் கம்பையே எடுத்துப் பார். உன் கம்பு தரையில் ஊன்றினால் நெற்றியைத் தொடும், இரண்டு கையாலும் பிடிப்பாய், இரண்டு முனையும் அடிக்கும். கட்காக் கம்பு மூன்றடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒரு முனையில் கையைக் காக்கத் தோல் உறை இருக்கும், ஒற்றைக் கையில்தான் பிடிப்பார்கள், மறு கையில் 'பரி' என்று ஒரு சாண் அகலத் தோல் கேடயம். பார்த்த உடனே தெரிந்துவிடும், அது கம்பே அல்ல, வாளுக்கு ஆள் மாறாட்டம் செய்கிற மரக்கட்டை. சிலம்பத்தில் கம்பே ஆயுதம். கட்காவில் கம்பு, வாளைப் பிடிப்பதற்கு முன்னால் கை முறியாமல் பழகுவதற்கானது. முழுப் போர்க்கலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் சஸ்தர் வித்யா. வாள், ஈட்டி, வில், கட்டாரி, சக்கரம், பிறகு துப்பாக்கி, குதிரை எல்லாம் அதில் அடக்கம். 1849இல் பஞ்சாப் பிரிட்டிஷார் கைக்குப் போனதும் ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தார்கள். வாளைப் பறித்த பிறகு கையில் மிஞ்சியது கம்புதானே. அந்தக் கம்பு வளர்ந்து, விதி எழுதி, புள்ளி போட்டு, போட்டியாகி நீ பார்த்த மேடைக்கு வந்து நிற்கிறது.

ஒற்றுமை எங்கே என்றால் காலில். அவர்கள் 'பைந்தரா' என்பார்கள், நாம் சுவடு என்கிறோம். கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கால் சரியான இடத்தில் விழவில்லையென்றால் நீயே போய் எதிராளியின் கம்புக்குத் தலையைக் கொடுப்பாய். முரசு அடிக்க அடிக்க அந்தத் தாளத்துக்குக் காலை மாற்றுவது அங்கே முதல் பாடம். தொடங்குவதற்கு முன் ஆயுதத்தைத் தொட்டு வணங்குவதும் உண்டு, உன் சலாம் வரிசை மாதிரி.

பெண்கள் என்றால் முதல் பெயர் மாயி பாகோ. கோவிந்த் சிங்கின் ஊரான ஆனந்தபூரை எதிரிகள் முற்றுகையிட்டபோது பசி தாங்காமல் நாற்பது பேர், "இனி நீ எங்கள் குரு இல்லை, நாங்கள் உன் சீடர்கள் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். இவள் அவர்களைத் திட்டி, தானே குதிரையேறி, அவர்களைத் திரும்பக் கூட்டிப் போனாள். 1705இல் முக்த்சர் குளக்கரையில் நடந்த சண்டையில் அந்த நாற்பது பேரும் செத்தார்கள், அவள் காயத்தோடு பிழைத்தாள். எழுதிக் கொடுத்த காகிதத்தை குரு கிழித்துப் போட்டார் என்பார்கள்.

கேள்வி: அந்தக் காலத்து வாள்களுக்கு நம்ம கஞ்சமலை இரும்பு போயிருக்குமா? போயிருக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.
(வாசகர், கொண்டலாம்பட்டி)

கஞ்சமலை இரும்பின் பெருமைக்குக் கஞ்சமலையே போதும், ஆனந்தபூர் வரைக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அவர்கள் இரும்பைப் பார்த்த விதம்தான் எனக்குச் சுவாரசியமானது. ஆனந்தபூரைச் சுற்றி கோவிந்த் சிங் ஐந்து கோட்டைகள் கட்டினார்: ஆனந்த்கட், கேஸ்கட், ஃபதேகட், ஹோல்கட், லோஹ்கட். கடைசியாகச் சொன்னதன் பெயரே இரும்புக் கோட்டை, ஆயுதப் பட்டறை அங்கேதான். வாள் தீட்டி மெருகேற்றும் சிக்லிகர் என்ற சமூகமே அவர்களிடம் உண்டு. 1700இல் மலை ராஜாக்கள் அந்த லோஹ்கட் கதவை உடைக்க, நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைக்குச் சாராயம் ஊற்றி அனுப்பினார்கள். பச்சித்தர் சிங் என்ற வீரர் குதிரையில் போய், பாம்பு மாதிரி நெளிந்த முனையுள்ள 'நாகணி' என்ற ஈட்டியால் தகட்டோடு சேர்த்து நெற்றியில் குத்த, யானை திரும்பி, தன்னை அனுப்பிய படையையே மிதித்துக்கொண்டு ஓடியது. அந்த ஈட்டியை ஆனந்தபூர் கேஸ்கட் குருத்வாராவில் இன்றும் வைத்திருக்கிறார்கள். நிஹங்குகள் என்ற சீக்கியப் போர்வீரர் பிரிவினர் சமைப்பதும் சாப்பிடுவதும்கூட இரும்புப் பாத்திரத்தில்தான், 'சர்ப்லோஹ்' என்று அதற்குப் பெயர். நம்ம வீட்டில் நான்ஸ்டிக் வந்த பிறகு பரணில் ஏறிய தோசைக்கல்லை நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: அந்தப் படையில் தெற்கத்திக்காரர் யாராவது இருந்தாரா, இல்லை எல்லாம் பஞ்சாபிகள்தானா?
(வாசகி, ஆத்தூர்)

இருந்தார், அதுவும் முதல் ஐவரில் ஒருவராக. 1699இல் வைசாகி என்ற அறுவடைத் திருநாள் அன்று ஆனந்தபூரில் கூட்டத்துக்கு நடுவே கோவிந்த் வாளை உருவி, "எனக்கு ஒரு தலை வேண்டும்" என்று கேட்டார். சத்தமே இல்லை. பிறகு ஒருவர் எழுந்தார், அப்புறம் இன்னொருவர், இப்படி ஐந்து பேர். லாகூரிலிருந்து தயா ராம், கத்ரி என்ற சாதிக்காரர். ஹஸ்தினாபூரிலிருந்து தரம் தாஸ், உழவர். பூரி ஜகன்னாதத்திலிருந்து ஹிம்மத் ராய், தண்ணீர் சுமப்பவர். துவாரகையிலிருந்து மொஹ்கம் சந்த், துணிக்கு அச்சு அடிப்பவர். கர்நாடகத்து பீதரிலிருந்து சாஹிப் சந்த், நாவிதர். நம்ம பக்கத்திலிருந்து பெங்களூர் போய், அங்கிருந்து இன்னும் ஒரு ராப்பொழுது பஸ்ஸில் போனால் பீதர் வந்துவிடும், அவ்வளவு தூரம்தான்.

ஓர் இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, சர்க்கரை வில்லைகள் போட்டு, இருபுறமும் கூரான கண்டா வாளால் கலக்கி ஐவருக்கும் கொடுத்தார். கிண்ணம் ஒன்றுதான், ஐந்து சாதிக்காரர்கள் வாய் வைத்த கிண்ணம். அப்புறம் அவர் செய்ததுதான் பெரிய விஷயம்: அந்த ஐவர் முன்னால் தானே மண்டியிட்டு, எனக்கும் அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். சிங் என்ற பட்டம் அதுவரை ராஜபுத்திரர் மாதிரியானவர்களுக்கு உரியது. அன்றிலிருந்து நாவிதரும் சிங், தண்ணீர் சுமப்பவரும் சிங்.

இது ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்ததல்ல. பதினொரு வருஷத்துக்கு முன்னால், 1688இல், பங்காணி என்ற இடத்தில் மலை ராஜாக்களோடு நடந்த சண்டையில் சம்பளத்துக்கு வைத்திருந்த பட்டாணியர்கள் கூட்டமாகக் கட்சி மாறிவிட்டார்கள். கூட இருந்த உதாசி சாமியார்களும் இரவோடு இரவாகக் கிளம்பிவிட்டார்கள், அவர்களுடைய மகந்த், அதாவது தலைவர், கிர்பால் ஒருவர் மட்டும் நின்றார். அவர் கையில் வாள்கூட இல்லை, ஒரு தடி. அந்தத் தடியால் ஹயாத் கான் என்ற தளபதியின் மண்டையைப் பிளந்ததை, அன்று களத்தில் இருந்த குருவின் பெயரிலேயே உள்ள பச்சித்தர் நாடக் என்ற கவிதை சொல்கிறது. சாமியாராகத் திரிந்தவர் அவர். மிட்டாய்க் கடைக்காரரான லால் சந்தும் அன்று ஆயுதம் வாங்கிக்கொண்டு இறங்கினார் என்பது மரபு. சதௌரா ஊர் முஸ்லிம் பெரியவர் பீர் புத்து ஷா, தன் மகன்களோடும் எழுநூறு சீடர்களோடும் குருவுக்கு உதவியாக வந்து, மகன்களைப் பறிகொடுத்தார். சண்டை பரம்பரைத் தொழில் என்று இருந்தவர்கள் ஓடிப்போனார்கள், தராசு பிடித்தவனும் திருவோடு பிடித்தவனும் நின்றார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த பகுதி இதுதான், அதனால்தான் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

கேள்வி: யூடியூபில் ஹோலா மொஹல்லா பார்த்தேன். நீல உடை, ஆள் உயரத்துக்குத் தலைப்பாகை, அதில் இரும்பு வளையங்கள். ரெண்டு குதிரைமேல் குதிரைக்கு ஒரு காலாக நின்றுகொண்டு ஓட்டுகிறார்கள். இது திருவிழாவா, ராணுவப் பயிற்சியா?
(காபித் தோட்ட ஊழியர், ஏற்காடு)

இரண்டும்தான். 1701 வாக்கில் கோவிந்த் சிங் தொடங்கியது, ஹோலிக்கு மறுநாள். ஊரே வண்ணப்பொடி பூசிக்கொண்டிருக்க, தன் ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து ஹோல்கட் கோட்டைப் பக்கம் பொய்ச் சண்டை போட விட்டார். ஒரு அணி இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், இன்னொன்று தாக்கிப் பிடிக்க வேண்டும். ஜெயித்தவர்களுக்குப் பரிசு.

நீங்கள் பார்த்த நீல உடைக்காரர்கள் நிஹங்குகள். வளையம் அலங்காரத்துக்கு மட்டும் அல்ல, சக்கரம் என்ற ஆயுதம், வெளி விளிம்பு முழுக்கக் கூர். சுழற்றி எறிவார்கள், தலைப்பாகையில் செருகினால் தலையில் விழுகிற வெட்டையும் தாங்கும்.

அவர்கள் பேச்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. காட்டில் ஒளிந்து திரிந்த பதினெட்டாம் நூற்றாண்டில் தங்களுக்கென்று ஒரு பாஷை வைத்துக்கொண்டார்கள். வறுத்த கொண்டைக்கடலைக்குப் பெயர் பாதாம். வெங்காயத்துக்கு வெள்ளி. ஒற்றைக் கண்ணன் 'லட்சம் கண்ணன்'. தனியாக ஒரே ஆள் வந்து சேர்ந்தால் "சவா லாக் படை வந்துவிட்டது" என்பார்கள், சவா லாக் என்றால் ஒண்ணேகால் லட்சம். கடலையும் வெங்காயமும் கடித்துக்கொண்டு மரத்தடியில் கிடக்கிறவன், பாதாமும் வெள்ளியுமாக ஒண்ணேகால் லட்சம் பேர் விருந்து சாப்பிடுகிறோம் என்று சொல்லிக்கொள்கிறான். குசும்பு இல்லாமல் அந்த நூற்றாண்டைத் தாண்டியிருக்க முடியாது. 1716இல் சீக்கியத் தளபதி பந்தா சிங் பகதூரை முகலாயர்கள் டெல்லியில் கொன்றபின் சீக்கியர் தலைக்கு விலை வைத்துத் தேடினார்கள். 1734இல் சீக்கியத் தலைவர் நவாப் கபூர் சிங் ஆட்களை வயது பார்த்து நாற்பதுக்கு மேல் புட்டா தள் (முதியோர் படை), கீழே தருணா தள் (இளைஞர் படை) என்று பிரித்தார். பெரிய படை எதிரே வந்தால் நேருக்கு நேர் நிற்பதில்லை. பாய்ந்து ஒரு அடி, உடனே ஓட்டம், துரத்தி வருகிறவன் வரிசை கலைந்ததும் திரும்பி இன்னொரு அடி. இந்த முறைக்கு 'டாயி பட்', அதாவது இரண்டரை அடி, என்று பெயர். அடர்ந்த காடும் நல்ல குதிரையும் வேண்டும் இதற்கு. குதிரைமேல் நின்று ஓட்டுகிற வித்தை அங்கிருந்து வருகிறது.

கேள்வி: எல்லாம் சரி. குரு நானக் அன்பையும் சமத்துவத்தையும் பாடியவர். அவர் வழிவந்தவர்கள் வாள் எடுத்தது முரண்பாடாகப் படவில்லையா?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், ஃபேர்லேண்ட்ஸ்)

படவில்லை சார். நானக் வாளைப் பார்க்காத ஊரில் பாடவில்லை. பாபரின் படை 1520களில் சைத்பூரைச் சூறையாடியதைக் கண்டு, "இவ்வளவு பேர் கதறுகிறார்களே, உனக்கு வலிக்கவில்லையா" என்று கடவுளையே கேட்டுப் பாடியவர் அவர். இரண்டு நூற்றாண்டு கழித்து, பிள்ளைகள் நால்வரையும் இழந்த கோவிந்த் சிங் ஔரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் ஜஃபர்நாமா என்ற கடிதம் எழுதினார். வேறு எல்லா வழியும் அடைபட்ட பிறகு வாளில் கை வைப்பது நியாயமே என்று அதில் ஒரு வரி. சாம, தான, பேத, தண்டம் என்று நாலாவதாகத்தானே நாமும் தண்டத்தை வைத்தோம்.

ஆனந்தபூர் சண்டைகளில் பாய் கனையா என்று ஒருவர் தோல்பையில் தண்ணீர் கொண்டுபோய்க் காயம்பட்டவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரிப் படைக்காரனுக்கும் கொடுக்கிறார், அவன் தெம்பாக எழுந்து மறுபடி நம்மையே வெட்டுகிறான் என்று குருவிடம் புகார் போனது. கூப்பிட்டு விசாரித்தால், "எனக்கு முகம் வேறு வேறாகத் தெரியவில்லை" என்றார் கனையா. குரு ஒரு டப்பா மருந்தை எடுத்துக் கொடுத்து, இனிமேல் தண்ணீரோடு இதையும் போட்டுவிடு என்று அனுப்பினார்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, நீங்கள் கம்பு பிடித்திருக்கிறீர்களா?
(அதே லாரி ஓட்டுநர்)

பிடித்தேன், சேலத்தில் குகை என்ற பகுதியில், பன்னிரண்டு வயதில். வாத்தியார் மூன்று மாசம் வெறும் சுவடு மட்டும் வைக்கச் சொன்னார். எனக்குப் பொறுமை இல்லை. அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து கம்பைச் சுழற்றி, என் புருவத்தை நானே உடைத்துக்கொண்டேன். நாலு தையல். அதோடு சரி.

உங்கள் கடிதம் பார்த்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை அந்த தாபாவுக்கே மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். "பரவால்ல சார், உக்காருங்க" என்று லஸ்ஸி கொடுத்தார். சின்ன வயதில் கட்கா பழகியவராம். தந்தூர் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கிற கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே புழுதியில் பைந்தரா போட்டுக் காட்டினார். அறுபதைத் தாண்டிய ஆள், தொப்பை வேறு, கால் மட்டும் தரையில் படுவதே தெரியவில்லை. என்னையும் போடச் சொன்னார். மூன்றாவது அடியில் என் செருப்பு கழன்று ஒரு வண்டியின் டயருக்கு அடியில் போய்விட்டது. நான் குனிந்து தேடி எடுப்பதற்குள் அவர் ரொட்டி கருகுகிறது என்று உள்ளே ஓடிவிட்டார்.